வண்டி மறந்த சாவி

காரைப் பூட்டிவிட்டு நான்கு எட்டு நடந்ததும், திரும்பி நின்று ரிமோட்டை இன்னொரு தடவை அமுக்குவார் அவள் புருஷன். கீக் கீக் என்று வண்டி பதில் சொல்லும். பதினோரு வருஷமாக இதே கதை. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவள் தையல் மிஷினை விட்டு எழுந்து டீக்குத் தண்ணீர் வைப்பாள்.

கப்பலில் எலெக்ட்ரீஷியன் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, இருந்த இரண்டு சாவிகளில் ஒன்றை ரிமோட்டோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கடல்ல எதுக்குங்க கார் சாவி?"

"இருக்கட்டும்டி. வீடு கையில இருக்கிற மாதிரி இருக்கும்."

அதிலிருந்து சாயங்கால போனில் முதல் பேச்சே அதுதான்.

"அமுக்கிட்டேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. தெருவே திரும்பிப் பார்க்குது."

சொல்லிவிட்டு ஜன்னல் வழியே வண்டியை ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

போன மாதம் அவளுடைய ரிமோட் சோப்புத் தண்ணீரில் விழுந்து ஊமையாகிவிட்டது. சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருப்பினால் கதவு திறந்தது, வண்டியும் ஓடியது. சத்தம்தான் இல்லை. புது ரிமோட்டுக்கு ஷோரூமில் சொன்ன விலைக்குப் புதுத் தையல் மிஷினே வாங்கிவிடலாம். பழைய பாகம் விற்கும் கடையில் அதே மாதிரி ரிமோட் ஒன்றைத் தேடிப் பிடித்தாள்.

கொழுந்தன் சிரித்தான். "அண்ணி, அதெல்லாம் கம்ப்யூட்டர் வெச்சுப் பண்றது. ஊசியில நூல் கோக்கிற வேலையில்ல."

"உனக்கு அதுவே வராது தம்பி. சும்மா இரு."

வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் இருந்தது. எந்தத் துணியையும் படத்தைப் பார்த்தே வெட்டிப் பழகியவள் அவள். எழுத்துப் பக்கம் கண் போகாது. உள்ளே உட்கார்ந்து கதவுகளைச் சாத்தினாள். படத்தில் உள்ளபடி எட்டு தடவை சாவியை மளமளவென்று முன்னும் பின்னும் திருப்பினாள். எட்டாவதில் கதவுப் பூட்டுகள் தாமாகவே டக்கென்று ஏறி இறங்கின. புது ரிமோட்டை அமுக்கினாள். மறுபடியும் டக்.

இறங்கிப் பூட்டி, நான்கு எட்டு நடந்து, திரும்பி அமுக்கினாள். கீக் கீக்.

"ஆள் கெட்டிதான் அண்ணி" என்றபடி கொழுந்தன் புத்தகத்தை வாங்கி அடுத்த பக்கத்தைப் புரட்டினான். அவன் முகம் மாறியது. "எல்லா ரிமோட்டையும் ஒரே நேரத்துல பதியணுமாம். கூட இல்லாதத வண்டி மறந்துடுமாம்."

கூட இல்லாதது நடுக்கடலில் இருந்தது.

சாயங்காலம் போன் வந்தது.

"அமுக்கிட்டேன். கேட்டுச்சா?"

கேட்டுச்சு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை நாள் அது விளையாட்டு. இன்றைக்குச் சொன்னால் பொய். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அடிப்பாவி, என் வண்டியே என்னை யாருன்னு கேக்குற மாதிரி பண்ணிட்டியே."

பிறகுதான் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

"அந்த ரிமோட்டத் தூக்கிப் போட்டுடாதீங்க. வந்ததும் ரெண்டையும் வெச்சுக்கிட்டு உள்ள உக்காரலாம். நீங்க சாவியத் திருப்புங்க, நான் அமுக்குறேன்."

இப்போதெல்லாம் போன் வந்ததும் அவள்தான் ஜன்னலுக்கு வெளியே அதை நீட்டி, ரிமோட்டை அமுக்குகிறாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடி. டீ போடு."

ரிமோட் பதியும் பக்கத்தின் முனையை மடித்து, புத்தகத்தை வண்டியிலேயே வைத்திருக்கிறாள். வண்டிக்கு இன்று ஒரு ரிமோட்டைத்தான் தெரியும். அவர் வர இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.