முதலாளி மோந்து பார்த்த புடவை

முள்ளிப்பட்டுல எங்கக்கா பட்டு நெய்யுது. நெய்ஞ்ச புடவைய குடுக்க ரெண்டு பேரும் ஆரணிக்கு முதலாளி கடைக்குப் போனோம். கடையில அக்காவோட கைக்கொழந்தை அழுதுச்சு. அக்கா மூலையில ஒக்காந்து பால் குடுத்துச்சு.

"கஸ்டமர் வர்ற எடம்மா, அசிங்கமா இல்ல? வெளிய போ"ன்னாரு முதலாளி.

டிகிரி முடிச்ச திமிரு எனக்கு. "தறியில ஒக்காந்து பால் குடுத்துகினேதான் இந்தப் புடவையவே நெய்ஞ்சிச்சி. இதுவும் அசிங்கமா சார்?"னு கத்திட்டேன். செம பதில்னு நெனப்பு வேற.

அவரு புடவைய விரிச்சு மோந்து பார்த்தாரு. "பால் பட்டிருக்கும், வேணாம்"னு தூக்கிப் போட்டாரு. அடுத்த புடவைக்கு நூலும் தரல. அக்கா ஒரு வாரம் நடந்து கெஞ்சிதான் வாங்கிச்சு.

இப்ப கடைக்கு அக்கா மட்டும்தான் போவுது. நான் வாய மூடிகினு வீட்ல பாட்டில் பால் குடுக்கறேன். கொழந்தை துப்பிகினே இருக்கு.