வால்சிங்ஹாம் பஸ்சில் நான் சொன்னது

ஓம், அதே ஜெசிந்தா அன்ரிதான். மனோர் பார்க். கிறிஸ்மஸ் கேக் அன்ரி.

செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் காலமானார். மகள் ஷெரின் பக்கத்தில் இருந்திருக்கிறாள். நான் இருக்கவில்லை. இரண்டு வருடமாக நான் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

எல்லோரும் அவருடைய படத்தைப் போட்டு, செல்லப் பிள்ளை என்று என்னையும் டேக் செய்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஏன் என்று எழுதுகிறேன்.

ஒவ்வொரு நவம்பரும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவருடைய குசினியில் கேக்குக்குப் பழம் வெட்டுவோம். பிளம்ஸ், செரி, இஞ்சிப் பாகு, கஜுப் பருப்பு. மெஷின் கூடாது. எல்லாம் கையால், பயறு அளவுக்கு. கோயில் ஆட்கள் நாலைந்து பேர் வருவார்கள். ஷெரின் ஹெட்போனோடு மேலே போய்விடுவாள். நான் இருப்பேன்.

"உதென்ன பிள்ளை, ஆட்டிறைச்சியே வெட்டுறாய்? சின்னனா வெட்டு."

"அன்ரி, பிளெண்டர் எண்டு ஒரு சாமான் கண்டுபிடிச்சிருக்கினம்."

"ஓம். வாய்க்கு மூடி ஒண்டு கண்டுபிடிச்சா சொல்லு. உனக்கு வாங்கித் தாறன்."

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை மற்றவர்கள் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான். தான் இந்த நாட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அன்றைக்குச் சொன்னார். யாரோடு, எத்தனை நாள், வழியில் என்ன நடந்தது... கை நிற்கவே இல்லை. வெட்டிக்கொண்டே சொன்னார்.

"ஷெரினுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். பிளேனிலை வந்தனான் எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன்."

"ஓம் அன்ரி" என்றேன்.

அடுத்த ஜூலை. வருடா வருடம் போகும் வால்சிங்ஹாம் மாதா யாத்திரை. ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு பஸ், மடி நிறையச் சோற்றுப் பொதிகள், ரோல்ஸ், குடும்பம் குடும்பமாக ஆட்கள். தேர்தல் நேரம். நான் ஏ லெவலில் அரசியல் படித்துக்கொண்டிருந்தேன். பதினேழு வயது. எனக்கு வோட் இல்லை, அவருக்கு இருந்தது. அதுவே எனக்கு எரிச்சல்.

பஸ்சில் எல்லோரும் சேர்ந்து சொன்ன செபமாலையில் மூன்றாம் பத்து முடிந்த இடைவெளி. அன்ரி ஹேண்ட்பாக்கிலிருந்து ஒரு தேர்தல் நோட்டீசை எடுத்தார். படகில் வருகிறவர்களை நிறுத்துவேன் என்கிற ஆளுடையது.

"இந்த முறை நான் இவருக்குத்தான். இப்ப வாறவை சும்மா வருகினம். எங்கட பிள்ளையளுக்கே இருக்க வீடில்லை."

"அவை வாற மாதிரித்தானே அன்ரி நீங்களும் வந்தனீங்கள்?"

"சும்மா இரு பிள்ளை. செபமாலை நேரம்."

நான் சும்மா இருக்கவில்லை. அவர் எனக்குச் சொன்னதைச் சொன்னேன். பரீட்சைக்கு விடை எழுதுவதுபோல, வரிசையாக, சத்தமாக. அந்தக் கதையை இங்கே இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

பஸ் முழுக்கக் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். பின் சீட்டில் ஒரு மாமா "அட..." என்றார். ஷெரின் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அம்மா? பிளேனிலை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அன்ரி என்னைப் பார்க்கவில்லை. நோட்டீசை நாலாக மடித்து உள்ளே வைத்தார். "நாலாம் பத்தைத் தொடங்குங்கோ" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது ரோல்ஸ்கூடச் சாப்பிட்டேன்.

அவருடைய வோட் பிழை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

அடுத்த கிழமை பூசையில், சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று பாதர் சொன்னதும், முன்வரிசை வாங்கிலிருந்து அன்ரி கை கூப்பிக்கொண்டு திரும்பினார். நான் லேஸ் கட்டக் குனிந்தேன். என் ஷூவில் லேஸ் இல்லை.

நவம்பரில் பழம் வெட்டப் போகவில்லை, கோர்ஸ்வேர்க் என்று சொல்லிவிட்டேன். டிசம்பரில் அம்மாவிடம் கேக் கொடுத்து விட்டிருந்தார், ஒவ்வொரு துண்டும் தாளில் சுற்றி, வழக்கம்போல. சாப்பிட்டேன். நன்றி சொல்லவில்லை.

யூனிக்குப் போய் அகதிகளின் வாய்மொழி வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல மார்க்ஸ்.

நேற்று ஷெரின் மெசேஜ் போட்டாள்.

"அடக்கப் பூசைப் புத்தகத்திலை அம்மாவைப் பற்றி எழுத வேணும். எனக்குத் தெரிஞ்சது நீ பஸ்சிலை கத்தினது மட்டும்தான். நான் கேட்ட நேரமெல்லாம் 'பிறகு சொல்லுறன்' எண்டு சொல்லிப்போட்டா. உனக்கு முழுக்கச் சொன்னவா. வந்து சொல்லு."

போனேன். வீடு நிறைய ஆட்கள். நாங்கள் மாடிப்படியில் இருந்தோம். இந்த முறை மெதுவாகச் சொன்னேன். பஸ்சில் நான் விட்டுவிட்ட பகுதிகளையும் சொன்னேன்... அன்றைக்கு வெல்வதற்குத் தேவைப்படாத பகுதிகள்.

"சொல்லேக்கை அழுதவாவே?"

"இல்லை. கஜு வெட்டிக்கொண்டிருந்தவா."

சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"உனக்குச் சொன்னவா. எனக்கேன் சொல்லேல்லை?"

தெரியாது என்றேன். மன்னிப்புக் கேட்டேன். யாரோ கீழே கூப்பிட, எழுந்து போனாள்.

அன்ரி... மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருடம் இருந்தது. இரண்டு பஸ் தூரம்தான் இருந்தது. போயிட்டு வாங்கோ.

இதைப் போடுவதற்கு முதல் ஷெரினுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன்.