ஏரியல் வழியே ஓடிய பட்டியல்

என் வீட்டு டிவியில் தெரிகிற எழுத்து, கூரை ஏரியல் வழியாகக் கிளம்பிப் பெரிய கிராணி வீட்டு டிவியில் போய் இறங்குகிறது என்று இரண்டு மாதம் முழுமனதாக நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? பிஸ்கட் டின்களை வெட்டி விரித்து டிவிக்குக் கவசம் அடித்தேன். நான் ஆணி அடிக்க, தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் அக்காவின் கணவர்.

எண்பதுகளின் நடுவில் அது. ஆட்குறைப்பில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வேலை போய், லூனாஸ் பக்கம் நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்கே திரும்பியிருந்தேன். கையில் மிஞ்சியது பினாங்கில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று. டிவியில் மாட்டினால் வேலை செய்யும், எழுதியதைக் கேசட்டில் பதிந்து வைக்கலாம். அத்தான் தோட்ட ஆபீசில் சின்ன கிராணி, அதாவது குமாஸ்தா. அச்சடித்தது போல் கையெழுத்து. ஆபீசையே ஆட்டிவைப்பவர் பெரிய கிராணி.

தோட்டத்து வாசல் கோப்பிக் கடையில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, மாநில அணிகளின் பந்தாட்டக்காரர்களை முறை வைத்துப் பேர் சொல்லி எடுப்போம். ஒருவர் எடுத்த ஆள் இன்னொருவருக்குக் கிடையாது. பிறகு பேப்பரில் வருகிற கோல்களை வைத்துப் புள்ளி. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்ட சமயம், பெரிய கிராணி எல்லார் முன்னாலும் சொன்னார்: "உன் பெட்டி என்னை ஜெயிக்கட்டும்லா தம்பி, அந்த வேலைக்கு தொரை கிட்ட நானே உன் பேரச் சொல்றேன்." வேலையில்லாதவனுக்கு அப்புறம் அது விளையாட்டா?

யாரை முதலில் எடுப்பது, அவன் போய்விட்டால் அடுத்து யார் என்று சொல்ல ஒரு புரோகிராம் எழுதினேன். பழைய பேப்பர்களைப் பார்த்து கோல், காயம் எல்லாவற்றையும் தட்டியது அத்தான்தான்; ஒரு விரலால் ஆரம்பித்தவர் பத்து விரலுக்கு வந்துவிட்டார். திரையில் வரும் பட்டியலைத் தாளில் எடுத்தெழுதித் தருவதும் அவரே.

சீட்டுக் குலுக்கியதில் பெரிய கிராணிக்கு அடுத்த முறை எனக்கு. நான் வாய் திறக்குமுன் என் ஆளை அவர் சொன்னார். அடுத்தவனும் போனான். பெர்லிஸ் அணியில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன். அவனைப் பெற்றவளையும் என் புரோகிராமையும் தவிர யாரும் நம்பாதவன். அவனையும் எடுத்தார். எனக்குக் கோப்பி புரையேறியது.

அரை சீசனில் எல்லாரையும் கலைத்து மறுபடி எடுப்போம். பட்டியல் ஏரியல் வழியாகத்தான் அவர் டிவிக்குப் போகிறது என்று முடிவு கட்டினேன்; அதற்குள் கவசம் தயாராக வேண்டும். ஏரியலைப் பெரிய கிராணி வீட்டுக்கு எதிர்த்திசையில், பாலிங் ஊர்ப் பக்கம் திருப்பினேன். பக்கத்து வீட்டு அக்காவிடம், "உங்க டிவியில என் எழுத்து தெரியுதா?" என்று கேட்டேன். "மலாய் நாடகமே புள்ளி புள்ளியாத்தான் தெரியுது. நீ எழுதுறது தெரிஞ்சா ஊரைக் கூட்டிப் படிச்சுக் காட்டியிருக்க மாட்டேன்?" என்றார். அத்தானோ, "காத்துல போறத யாரு பாத்தா மச்சான்? இன்னொரு டின் அடிப்போம்" என்றார்.

இரண்டாம் தடவையும் என் பட்டியல் வரிசையாகப் பறிபோனது. அன்று பெரிய கிராணி மூக்குக் கண்ணாடியை மறந்து வந்திருந்தார். கையிலிருந்த தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தால்தான் அவருக்குத் தெரியும். தள்ளிப் பிடித்தது என் மூக்குக்கு நேரே. அச்சடித்தது போல் கையெழுத்து.

புள்ளி குறிக்க உட்கார்ந்திருந்த அத்தான் கோப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து கேட்டேன். "நாலு புள்ளைங்க மச்சான். உனக்குப் படிப்பு இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவே" என்றார். வீட்டுக்குப் போய் டின் தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

இப்போது கல்யாண வீடுகளில் டின் கதையைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறேன். என் அக்கா பக்கத்தில் இருந்தால் சொல்வதில்லை.

பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அத்தான். அந்த இரண்டாம் தடவைக்கு அடுத்த மாதம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தவரும் அவரே.