அடிப்பீங்களா என்று கேட்டேன்

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என் வாட்ஸ்அப்புக்கு ஒரு பட்டியல் அனுப்பினார். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய இருபது கேள்விகள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆசிரியர் என்ன படித்தவர், தீயணைப்புக் கருவி இருக்கிறதா, விளையாட்டுத் திடல் எவ்வளவு பெரியது, குழந்தையின் தனித்திறமையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள். ஏசி அறையில் உட்கார்ந்து யாரோ எழுதியிருக்க வேண்டும். இருபதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தேன். எனக்கு வேண்டிய கேள்வி அதில் இல்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடிப்பீங்களா?

என் மகள் அந்த வருடம் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். அதற்கு முன் இரண்டு வருடம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் படித்தாள். யு.கே.ஜி. முடியப்போகிற சமயத்தில் ஒரு நாள் குளிப்பாட்டும்போது பார்த்தால், வலது கை விரல் முட்டிகளில் கோடு விழுந்து சிவந்திருந்தது. என்ன என்று கேட்டேன். ஒன்பதைத் திருப்பிப் போட்டேன், மிஸ் ஸ்கேலால் அடித்தார்கள் என்றாள். அழவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்று சொல்வாளே, அதே குரல். அந்தக் குரல்தான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் போய்க் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் இரண்டு தெரு தாண்டும், இது ஊரறிந்த விஷயம். அந்த மிஸ்ஸுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். நான் கத்தின கத்தலில் அழுதேவிட்டது. பள்ளியை நடத்துகிறவர், கவனம் வரட்டும் என்று லேசாகத் தட்டியதுதான் என்றார். லேசாகத் தட்டினால் கோடு விழுமா என்று கேட்டுவிட்டு, இனிமேல் என் பிள்ளை இந்தப் படியை மிதிக்காது என்று சொல்லி அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு கவனித்தேன். யார் கையைத் தூக்கினாலும் பிள்ளை ஒடுங்கியது. ஃபேன் சுவிட்சைப் போட நான் கையை உயர்த்தினால்கூடத் தலையைக் குனிந்து தோளைச் சுருக்கிக்கொள்ளும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பள்ளியை மனசாரத் திட்டுவேன். ஒரு பிள்ளையை இப்படியா ஆக்குவார்கள்? இனி எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் அங்கே யாரும் அவள் மேல் கை வைக்கக் கூடாது. அது ஒன்று உறுதியானால் போதும், குதிரையும் வேண்டாம் யானையும் வேண்டாம் என்று இருந்தேன்.

நேரம்தான் இல்லை. நான் தாலுகா அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். பள்ளிகளில் சேர்க்கை நடக்கிற மாதங்களில்தான் எங்களுக்கு நிலக் கணக்குப் பார்க்கிற ஜமாபந்தியும் வந்து தொலைக்கும். பட்டாவில் பெயர் மாற்றம், அடங்கலில் பயிர் தப்பு, அப்பா செத்து முப்பது வருடம் ஆகியும் நிலம் அப்பா பெயரிலேயே இருக்கிறது என்று பூதலூர்ப் பக்கத்து ஜனம் மொத்தமும் மனுவும் கையுமாக வந்து நிற்கும். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன். இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் சொந்தமாக டிராக்டர் வைத்து ஓட்டுகிறார். வாய்க்காலில் தண்ணீர் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதுமே குறுவைக்கு உழவு ஓட்ட ஆள் மேல் ஆள் கூப்பிடுவார்கள். ஸ்கூல் சமாசாரமெல்லாம் நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். பிள்ளை சமாசாரத்தில் எதைத்தான் நான் பார்த்துக்கொள்ளவில்லை? மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் கெஞ்சி வாங்கினேன்.

முதல் பள்ளி பைபாஸ் ஓரத்தில் இருந்தது. வாசலில் காவலாளி, உள்ளே கண்ணாடிக் கதவு. கையில் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் ஒரு குழந்தை குதிரை மேல் உட்கார்ந்திருந்தது. குதிரை எங்கே என்று கேட்டேன். அடுத்த வருஷம் வரும் என்றார்கள். எனக்கு முன்னால், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வயலிலிருந்து நேராக வந்தவர் மாதிரி ஒருவர், மகனை முன்னால் தள்ளிவிட்டு முதல்வரிடம் சொன்னார்.

"கண்ணு ரெண்ட மட்டும் விட்ருங்க மேடம். மத்தபடி தோல உரிச்சிருங்க. நான் ஒண்ணுமே கேக்க மாட்டேன்."

முதல்வர் சிரித்தார். அவரும் சிரித்தார். பையன் மட்டும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளையை ஒப்படைக்கிற முறையே இதுதான். உங்களை நம்புகிறோம் என்பதை இப்படித்தான் சொல்வார்கள். என்னைச் சேர்க்கும்போது என் அப்பாவும் இதையேதான் சொன்னார். என் டீச்சர் அதை நம்பிக் கண்ணை மட்டும் விட்டார்.

என் முறை வந்ததும் நான் பட்டியலைத் திறக்காமல் நேராகக் கேட்டேன். "மேடம், இங்க பிள்ளைங்கள அடிப்பீங்களா?"

"கவலையே படாதீங்க" என்றார் முதல்வர். "டிசிப்ளின்ல நாங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட். ரெண்டே மாசம், பாப்பாவ நீங்களே பாத்து ஆச்சரியப்படுவீங்க."

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, நானும் அடிக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை வேறு எதற்காகவும் யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். இல்லை மேடம், அடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறேன் என்று விளக்கினேன். அவர் முகம் மாறியது. குழந்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாப்பாவுக்கு ஏதாவது பிரச்சினை இருக்கிறதா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று தணிந்த குரலில் விசாரித்தார். புத்தகத்தை மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது பள்ளி டவுனுக்குள்ளே, பேர் பெற்ற பழைய பள்ளி. அங்கே இருந்தவர் என் கேள்வியைச் சரியாகவே புரிந்துகொண்டார். இப்போதெல்லாம் தொடவே கூடாது, தொட்டால் கேஸ் ஆகிவிடும், சட்டம் அப்படி என்றார். சட்டம் மட்டும் இல்லையென்றால் தொடுவார் என்று அவர் குரலே சொல்லிற்று. சரி, பிள்ளை தப்பு செய்தால் என்ன செய்வீர்கள் என்றேன். வெளியே நிற்க வைப்போம், அவ்வளவுதான் என்றார். வரும்போது பார்த்தேன், தாழ்வாரத்தில் ஒரு பெண் குழந்தை சுவரைப் பார்த்து நின்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. வெயில் அதன் பின்னங்காலில் விழுந்துகொண்டிருந்தது. நான் என் பிள்ளையின் தலையை இடுப்போடு அணைத்துத் திருப்பிக்கொண்டு நடந்தேன். திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பிள்ளை என் தோளில் தூங்கிவிட்டது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரும்பலகை வைத்திருக்கிற அத்தனை பேரையும் மனசுக்குள் வைதுகொண்டே வந்தேன். அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை.

மூன்றாவது, எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அதை நான் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. கூலி வேலைக்குப் போன அப்பா அம்மா என்னை அங்கே சேர்த்தார்கள், நான் உத்தியோகம் பார்த்தும் என் பிள்ளையையும் அங்கேயேதானா என்று ஒரு வீம்பு. வேறு வழியில்லாமல்தான் போனேன்.

தலைமையாசிரியைக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். வருகைப் பதிவைச் செல்போனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அது ஏறவில்லை. ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார், வாசலுக்குப் போய்ப் பார்த்தார், அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்காருங்க என்றார். என்னைவிடக் களைத்துப்போன ஒரு மனுஷியை அந்த மாதத்தில் அங்கேதான் பார்த்தேன். கேள்வியைக் கேட்டேன். கூடவே, அடிக்கக் கூடாது என்று கேட்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முன்னாடி அடிச்சிருக்கேம்மா. இல்லைன்னா அது பொய்யி. இப்ப அடிக்கறதில்ல. சில நாள் கத்திருவேன். கத்துன அன்னைக்கு எனக்கே சோறு எறங்காது."

மூன்று பள்ளியில் கேட்டதில் நம்பும்படி இருந்த ஒரே பதில் அது. எனக்குப் பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. அந்தத் தெம்பில் பட்டியலில் இருந்த சில கேள்விகளையும் கேட்டேன். கழிப்பறையைத் திறந்து காட்டினார். கழுவிவிட்ட ஈரம் இருந்தது, வாளிக்குத்தான் கைப்பிடி இல்லை. தீயணைப்புக் கருவி என்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து சேர்க்கைப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போது, மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகளிடம், அம்மா இவ்வளவு கேட்டார்களே, உனக்கு ஏதாவது கேட்கணுமா என்றார்.

மூன்று பள்ளிக்கும் கூட வந்த பிள்ளையிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பேர் என்ன, ஏ பி சி டி சொல்லு என்பதைத் தவிர. நானும்தான் கேட்கவில்லை. அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அவரிடம் கேட்டாள்.

"இங்க ஹோம்வொர்க் உண்டா மிஸ்?"

ஒன்றாம் வகுப்புக்கு அதெல்லாம் கிடையாது, எழுதுவதெல்லாம் இங்கேயே எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் விளையாடலாம் என்று அவர் சொன்னார். பிள்ளை அதைக் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு என் பக்கம் திரும்பியது.

"அப்ப நீ அடிக்க மாட்டியாம்மா?"

படிவத்தில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தலைமையாசிரியை என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக, கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்தார். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

ஆமாம், அடித்திருக்கிறேன். ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, உடுத்திய புடவையை மாற்றக்கூட நேரமில்லாமல் அவளை உட்காரவைத்து நோட்டு நோட்டாக எழுதவைக்க வேண்டியிருக்கும். அவள் பி எழுத வேண்டிய இடத்தில் டி எழுதுவாள். ஒரு தடவை சொல்வேன், இரண்டு தடவை சொல்வேன், மூன்றாவது தடவை கை நீண்டுவிடும். முதுகில், தொடையில். இரண்டொரு நாள் கரண்டிக் காம்பால். எழுதி முடித்த பிறகு நானே எண்ணெய் தடவிவிட்டு, மடியில் போட்டுக்கொண்டு ஊட்டியும்விடுவேன். அதை அடி என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. சொல்லிக்கொடுப்பது என்று நினைத்திருந்தேன். வெளியே தெரிகிற இடத்தில் ஒரு நாளும் அடித்ததில்லை என்பது இதை எழுதும்போதுதான் எனக்கே படுகிறது.

அந்த நர்சரி மிஸ் அடித்தது, விசாரித்தவரையில், அந்த ஒரே ஒரு நாள்தான்.

பிள்ளை பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கோபமோ பயமோ எதுவும் இல்லை. ஹோம்வொர்க் கிடையாது என்று தெரிந்துகொண்ட மாதிரி இதையும் தெரிந்துகொண்டால் தேவலை என்று நின்றாள். "மாட்டேன்டி தங்கம்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் திரும்பி, கத்துவேன் என்று ஒத்துக்கொண்ட அந்தத் தலைமையாசிரியையிடம் கேட்டாள்.

"நெசமாவா மிஸ்?"

என் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவர், இதற்கு மட்டும் என்னைப் பார்த்தார்.