மூடும் நேரமும் ஒரு புதிய விதியும்

எங்கள் கல்லூரி நூலகத்தில் புதிய ஆய்வுத் தரவுத்தளங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கான இலவச அனுமதி இன்றோடு முடிந்தது. வளாக இணையத்தில் மட்டுமே அவை திறக்கும். ஐந்து மணிக்கு நூலகத்தை மூடுவது நூலகராகிய என் கடமை.

வெள்ளிமலையிலிருந்து வரும் கௌரவ விரிவுரையாளர் மலர்க்கொடி, மரவள்ளி நோய் பற்றிய தம் ஆய்வேட்டுக்குப் பல மாதங்களாகத் தேடிய கட்டுரைகளை நாலே முக்காலுக்குத்தான் கண்டுபிடித்தார்.

"சார், இன்னும் பத்து கட்டுரை எறக்கணும். நாளைக்குத் தொறக்காதுங்க."

உதவியாளர் முருகன் சாவியோடு வந்தார். "இன்னா சார், பூட்டிக்கினு கிளம்பலாமா?"

"மேடம் இன்னும் கருத்துப் படிவம் நிரப்பலை. அதை வாங்காம மூடக்கூடாது. விதி."

"அது எப்ப சார் வந்துச்சு?"

"இப்பதான்."

பத்தும் இறங்கியபின் ஐந்தரைக்குப் பூட்டினோம். ஆட்சேபணை உள்ள சக நூலகர்கள் இந்தப் பதிவின் கீழே எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.