குக்கரில் வெந்த மாட்யூல்

ஒல்கின் ஊரில், ஹிபாரா என்ற கடலோர ஊருக்குப் போகிற வண்டிகள் நிற்கும் முனையில் ஆள் கூவி ஏற்றிவிடுவது நான்தான். பெயர் பெல்கிஸ். நான் வாயைத் திறந்தால் ஹிபாரா கடலில் மீன் பிடிப்பவன் திரும்பிப் பார்ப்பான் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். பார்த்தால் பார்க்கட்டும், அவனும் ஒரு நாள் வண்டி ஏறத்தானே வேண்டும். அப்படிப்பட்ட என் தொண்டையாலும் ஆள் சேர்க்க முடியாமல் போன வண்டி ஒன்று உண்டு. ஒடால்மிஸ் லெய்வாவின் பச்சை பிளைமவுத் கார், ஐம்பத்திரண்டு மாடல்.

"ஹிபாரா, ஹிபாரா, ரெண்டே ரெண்டு சீட்" என்று நான் கதவைத் திறந்து பிடித்தால், கூடை வைத்திருக்கும் பெண்கள் வண்டியைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவார்கள்.

"பச்சை வண்டியா? வேண்டாம் கண்ணு. நான் இன்னைக்கே போய்ச் சேரணும்."

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வண்டி எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கரும்புக் காட்டு நடுவில், ரயில் கேட்டில், ஒரு முறை சவ ஊர்வலத்தின் நடுவில் நின்று, செத்தவரையே காக்க வைத்தது.

எங்கள் முனையில் மற்ற எல்லோரும் பழைய இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜினை வைத்துக்கொண்டார்கள். வெளியே பார்த்தால் கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். ஸ்டார்ட் செய்தால் உட்கார்ந்திருப்பவரின் பல்செட் கழன்று மடியில் விழும். ஒடால்மிஸ் மட்டும் மாற்றவில்லை. அவள் அப்பா வாங்கிய வண்டி, அவர் காலத்துப் பெட்ரோல் இன்ஜின். "இதுல உக்காந்து பேசினா பேச்சு காதுல விழும்" என்பாள். ஓடும்போது அது உண்மைதான். ஓட வேண்டுமே.

கோளாறு தீப்பொறியில் இருந்தது. பொறிக்காகக் கரன்ட்டை வெட்டும் பழைய பாயின்ட் தேய்ந்து, நகம் தேய்க்கும் அரத்தால் தேய்க்கக்கூட அதில் உலோகம் மிச்சமில்லை. புதிது எங்கேயும் கிடைக்காது. அதனால் அந்த இடத்தில் எலக்ட்ரானிக் மாட்யூல் வைத்தாள். உள்ளங்கை அளவுப் பெட்டி, பொறியைக் கிளப்பும் காயிலுக்குப் போகிற கரன்ட்டை நேரம் பார்த்து வெட்டிவிடுகிற வேலை அதற்கு. வைத்த அன்றைக்கு வண்டி பட்டமாகப் பறக்கும். பத்து நாளில் செத்துப்போகும். மறுபடி ஒன்று வாங்குவாள், அதுவும் சாகும்.

வண்டியில் பாதி அவள் தம்பி அர்ஹேலியோவுக்குச் சொந்தம். ஓட்டத் தெரியாது, ஆனால் புத்தி சொல்வதில் சூரன். எங்கிருந்தோ ஒரு டிராக்டர் இன்ஜினைக் கொண்டுவந்து, தன் வீட்டு மாமரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தான். மே மாதம் ஒரு நாள் முனைக்கே வந்து, எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தான்.

"அக்கா, போதும். அடுத்த வாரம் டீசலை எறக்கிடலாம்."

"அப்பாவோட இன்ஜினை என்ன பண்ணுவே?"

"பழைய இரும்புக்குப் போட்டுடலாம். இல்ல, உனக்கு அதுமேல அவ்வளவு பாசம்னா கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சுக்க."

டிரைவர்கள் சிரித்தார்கள். நான் அவனுக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. ஒடால்மிஸ் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"ஜூலை வரைக்கும் பொறு. ஜூலை வெயில்ல ஒரு நாள் முழுக்க ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காரு. ஒரு தடவை நின்னாலும் அன்னைக்கே டீசல் வெச்சுக்கலாம். நிக்கலைன்னா அந்த மரத்துல மாங்கா மட்டும்தான் தொங்கணும்."

அவன் சரி என்றான். அவனுக்கு ஜூலையின்மேல் நம்பிக்கை இருந்தது.

ஒடால்மிஸ் வண்டி ஓட்ட வருவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. அந்தப் புத்தி அவளை விட்டுப் போகவில்லை. சந்தையில் மாட்யூல் விற்பவன் பாட்டரியில் மாட்டி, டிக் டிக் என்று நீலப் பொறி பறக்கக் காட்டுவான். பார்ப்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு வாங்கிப் போவார்கள்.

"மூட்டையில இருக்கறப்ப எல்லா பீன்ஸும் ஒண்ணு மாதிரிதான்டி இருக்கும்" என்றாள் என்னிடம். "வேக வெச்சாத்தான் எது கல்லுன்னு தெரியும்."

இன்ஜின் சூடுதான் மாட்யூலைக் கொல்கிறது என்று நினைத்து, வேகத்தான் வைத்தாள். சோறு வடிக்கும் எலக்ட்ரிக் குக்கரில் ஒரு தகர டப்பா, டப்பாவுக்குள் மாட்யூல். ஆவி போகிற ஓட்டை வழியாக ஒயரை வெளியே எடுத்து, மேஜைமேல் இருந்த பாட்டரிக்கும் காயிலுக்கும் கொடுத்தாள். இன்ஜினில் சுழன்று பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி வந்து இடுக்கியில் இறுக்கி, இரவல் வாங்கிய டிரில்லால் சுற்றவிட்டாள். குக்கர் சூட்டிலும் பொறி நிற்காமல் வந்தால் அது நல்ல சரக்கு. இது தெரியாமல் நான் ஒரு மத்தியானம் பசியோடு போய், சோறு என்று நினைத்து மூடியைத் திறந்தேன். கரண்டிகூடக் கையில் இருந்தது.

சந்தைச் சரக்கு பாதிக்குமேல் குக்கரிலேயே மண்டையைப் போட்டது. கடைசியில் ஹிபாராவில் கப்பல் வேலை பார்த்த ஒருவரிடம் ஒரு பன்றித் தொடையைக் கொடுத்து மூன்று மாட்யூல் வாங்கி வந்தாள். முதலாவது குக்கர் சூட்டுக்கு அசைந்து கொடுக்கவில்லை. சந்தோஷத்தில் ஆடாத குறையாக அதை வண்டியில் மாட்டினாள். அடுத்த சனிக்கிழமை, முனையில் ஆள் சேர்ந்து, ஸ்டார்ட் செய்தபோது வண்டி பேசவில்லை.

அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதாள். ஏறி உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார்கள். அவர்கள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இருந்தாலும் இரண்டாவது மாட்யூலைக் குக்கரில் வைத்தாள். நானும் போயிருந்தேன். பாதியில் கரன்ட் போனது. எங்கள் ஊரில் கரன்ட் போவது செய்தியே இல்லை, வந்தால்தான் செய்தி. டிரில் நின்றது, குக்கரின் சிவப்பு விளக்கு அணைந்தது. நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு, மிச்சமிருந்த காப்பியைக் குடித்துக்கொண்டு, அரசாங்கத்திலிருந்து அர்ஹேலியோ வரைக்கும் எல்லோரையும் திட்டி முடித்தோம். உள்ளே போனால் பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம்.

ஒடால்மிஸ் குக்கரின் அடியைத் தொட்டாள். ஆறிப்போயிருந்தது. மாட்யூலைத் தொட்டவள் கையை உதறினாள்.

"அடுப்பு அணைஞ்சு எவ்வளவு நேரமாச்சு? இது மட்டும் எப்படிடி வெந்துச்சு?"

எனக்கென்ன தெரியும். அவள் ஒயர் ஒயராகப் பார்த்தாள். பாட்டரியைக் கழற்றவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுவது நின்றுவிட்டது, பாட்டரி கரன்ட் நிற்கவில்லை. சுற்றினால்தான் மாட்யூல் கரன்ட்டை வெட்டி வெட்டி விடும். நின்றுபோனால் வெட்டு இல்லை. காயிலும் மாட்யூலும் விடாமல் குடித்துக் குடித்து வேகும்.

"பெல்கிஸ், முனையில ஆள் சேர்ற வரைக்கும் நான் என்ன பண்றேன்?"

"என்ன பண்ணுவே? பெட்ரோல் வீணாகுதுன்னு இன்ஜினை அணைச்சிட்டுப் பாட்டுப் போடுவே."

"பாட்டு எதுல பாடுது?"

"சாவியைத் திருப்பினாப் பாடுது" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

எங்கள் முனையில் எல்லா வண்டியிலும் ரேடியோ ஒயரைச் சாவி ஒயரில்தான் முறுக்கி வைத்திருப்பார்கள். இன்ஜின் நிற்கும், சாவி திறந்திருக்கும், பாட்டு ஓடும், நான் இடுப்பை ஆட்டிக்கொண்டு ஆள் கூவுவேன். டீசலுக்குத் தீப்பொறி வேண்டாம், அதனால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அவர்களைப் பார்த்து அவளும் அப்படியே செய்தாள். இன்ஜின் எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரு நாள் தப்பிக்கும், ஒரு நாள் வெந்துவிடும். நாங்கள் பாட்டுக் கேட்டே மாட்யூலைக் கொன்றிருக்கிறோம்.

மூன்றாவது மாட்யூல் ஒன்றுதான் மிச்சம். அதை இன்ஜின் சூடு படாமல் உள்ளே கால் வைக்கும் இடத்துக்கு மேலே மாட்டினாள். அங்கே எழுபது வருஷத்துப் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகு, சூடு இறங்குவதற்காகக் குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாகக் களிம்பைத் தடவி இறுக்கினாள். ரேடியோவுக்குப் பாட்டரியிலிருந்து தனி ஒயர், மேஜை விளக்கின் ஸ்விட்ச் ஒன்று. வண்டி நின்றால் சாவி அவள் ரவிக்கைக்குள் போய்விடும்.

ஜூலையில் அர்ஹேலியோ சொன்ன நாளில் வந்தான். தோளில் வண்டி இழுக்கும் கயிறு. அதை எல்லோரும் பார்க்கும்படி முன்சீட்டில் காலடியில் போட்டான்.

"எதுக்குடா கயிறு?" என்று கேட்டேன்.

"உங்க ரெண்டு பேரையும் கட்டிப் போடறதுக்கு இல்ல. வண்டிக்கு."

காலையிலிருந்து போய்ப் போய் வந்தார்கள். தார் உருகுகிற வெயில். ஒவ்வொரு முறை பச்சை நிறம் திருப்பத்தில் தெரியும்போதும் நான் கூவுவதை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். கடைசி நடைக்குப் பொறுக்க முடியாமல், கூவுகிற வேலையை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஹிபாராவில் ஆள் சேரக் காத்திருந்தபோது அர்ஹேலியோ கையை நீட்டினான். "சாவியைக் குடு அக்கா. பாட்டுப் போடணும்."

"அந்த ஸ்விட்சை அழுத்து."

அழுத்தினான். பாடியது. சாவித் துளையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். எப்படி என்று கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைத்திருப்பான்.

திரும்பும்போது ரயில் கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில் ஊர்ந்து ஊர்ந்து போனது. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் டீசல் வண்டிகள் தடதடவென்று புகை கக்கின. ஒடால்மிஸின் கழுத்தில் வியர்வை வழிந்தது. முன்பு இதே கேட்டில்தான் வண்டி இரண்டு முறை ஓடாமல் நின்றிருந்தது. நான் எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன், அவர்களில் ஒருத்தராவது காதில் வாங்கியிருக்க வேண்டும். கேட் திறந்தது. வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. காற்று அடிக்கத் தொடங்கியதும் அர்ஹேலியோவின் தலை சாய்ந்தது, கொஞ்ச நேரத்தில் குறட்டை.

முனைக்கு வந்து சேர்ந்தோம். நான் கத்த வாயெடுத்தேன். ஒடால்மிஸ் கண்ணாடியில் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அவள் சாவியைத் தொடவே இல்லை. ஏறி வந்தவர்கள் இறங்கினார்கள், டிரைவர்கள் சுற்றிலும் கூடினார்கள். அந்தச் சலசலப்பில் அர்ஹேலியோ விழித்தான். அக்கம்பக்கம் பார்க்காமல், கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

"பாத்தியா, நின்னுபோச்சு. நான் சொன்னா யாரு கேக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே பானெட்டைத் தூக்கி, குனிந்து, கையை உள்ளே நீட்டினான்.

ஒடால்மிஸ் ஜன்னலில் முழங்கையை வைத்தபடி சொன்னாள்: "கையை விடாதடா, ஃபேன் சுத்துது. இன்ஜின் ஓடிட்டுத்தான் இருக்கு."