கல்லை நம்பிய கணக்கு

வலங்கைமான் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் கல் என்றால் கோயில் கல்தான். ஆயிரம் வருஷமானாலும் அசையாது. மண் அப்படியா? நனைந்தால் குழையும், காய்ந்தால் வெடிக்கும். அதை ஒரு நாளும் நம்பக்கூடாது. இந்த நினைப்போடுதான் தமிழரசன் சுரங்கப்பாதை வடிவமைக்கும் இன்ஜினியர் ஆனார். அங்கேதான் கோட்டையும் விட்டார்.

எட்டு வருஷத்துக்கு முன் வடக்கே ஒரு மலைச்சாலைக்குச் சுரங்கம் வடிவமைத்தார். களிமண் குறுக்கிட்ட இடமெல்லாம் கூரையைத் தாங்கும் இரும்பு வளைவுகளை நெருக்கி நிறுத்தினார். நடுவில் நாற்பது மீட்டர் நல்ல பாறை. சோதனைக்கூடம் ஒரே நாளில் உடைத்துப் பார்த்துச் சொன்ன பலத்தை அப்படியே கணக்கில் போட்டு, அங்கே வளைவே வேண்டாம் என்றுவிட்டார். மலையை வருஷக்கணக்கில் சுமக்கும் பாறைக்குள் விரிசல் வளரும், பலம் குறையும் என்று படித்தவர்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

குறுவை அறுப்புக்காக ஊருக்கு லீவில் வந்திருந்தபோது, கூட வேலை பார்க்கும் ஜெகன் சுரங்கத்தில் எடுத்த புது அளவுகளை அனுப்பினான். அந்த நாற்பது மீட்டரில் மட்டும் சுவர்கள் நெருங்கிக்கொண்டே வந்தன. வேகம் மாதாமாதம் கூடியது. எந்த வயலை முதலில் அறுப்பது என்று மெஷின்காரர் கேட்டதற்குத் தமிழரசன், "நாப்பது மீட்டர்" என்றார்.

"ரெண்டு நாளா ஒங்களுக்குச் சோறே எறங்கலியேங்க," என்றாள் மனைவி ஈஸ்வரி.

"அந்தச் சுரங்கத்துக்குள்ள பஸ்ஸு போவுது ஈஸ்வரி. நான் போட்ட கணக்கு தப்பு."

"அப்ப சொல்லிட வேண்டியதுதானே?"

"வேலை போயிடும்."

அவள் லேப்டாப்பை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். அவருக்கு எரிச்சல் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து ஆபீசுக்கு மெயில் அடித்தார்: பாதையை மூடுங்கள், அந்த நாற்பது மீட்டருக்கும் வளைவு வையுங்கள், தவறு என்னுடையது.

அரைமணியில் ஜெகன் போன் செய்தான். "சார், அந்தக் கடைசி வரிய எடுத்துடலாமா? பாறை எதிர்பாராம பலவீனமாயிடுச்சுன்னு போட்டுக்கலாம்."

"எதிர்பார்க்காம விட்டது நான்தாம்ப்பா. பாதைய மூடிட்டாங்களா?"

"நாளைக்கு மீட்டிங் வச்சிருக்காங்க சார்."

நாளைக்கா! சுரங்கத்தின் கட்டுப்பாட்டு அறை எண்ணைத் தேடிப் பிடித்து, அரைகுறை இந்தியில் வண்டிகளை நிறுத்தச் சொன்னார். நீங்கள் யார் என்று கேட்டார்கள்.

"இதைத் தப்பாக வடிவமைத்த இன்ஜினியர்."

எதிர்முனையில் யாரோ கத்துவதும், கேட் இறங்கும் சத்தமும் கேட்டன. தமிழரசன் போனை வைக்கவில்லை.

"உள்ளே எத்தனை வண்டி இருக்கிறது?" என்றார்.